மக்காவில் பிறந்த ஹபஷி

ஹளரத் பிலால் (ரலி) அவர்களின் பெயரை நாம் பெரும்பாலும் தனியே சொல்வதில்லை. பிலால் ஹபஷி என்று சேர்த்தே நம் பெரியோர் சொல்லி வந்தனர். நம் பிள்ளைகளும் மதரஸாவில் அவ்வாறே கற்கின்றனர். ஹபஷி என்றால் அபிசீனியர் என்று பொருள் சொல்லிவிட்டு மேலே சென்றுவிடுகிறோம். சற்றே நின்று எண்ணிப் பாருங்கள். பிலால் (ரலி) அவர்கள் அபிசீனியாவில் பிறந்தவர்களா? அல்லர். அந்நாட்டுக்கு என்றேனும் சென்றவர்களா? மக்காவின் கொடுமை தாளாமல் கி.பி. 615-ஆம் ஆண்டிலும் அதன் பின்னரும் செங்கடலைக் கடந்து அபிசீனியாவில் அடைக்கலம் புகுந்த 80-க்கும் மேற்பட்ட ஆடவரின் பெயர்களை இப்னு இஸ்ஹாக் குலம் குலமாக எழுதி வைத்திருக்கிறார். அந்த வரிசையில் பிலாலின் பெயர் இல்லை.

தாம் பிறவாத ஒரு நாட்டின் பெயர் ஒரு மனிதரின் வாழ்நாள் முழுவதும் எவ்வாறு ஒட்டிக்கொண்டது? அச்சொல்லை அவர்களை நோக்கிச் சொன்னவர்கள் யாவர்? எந்தப் பொருளில் சொன்னார்கள்? இதனை ஆராய்ந்து சென்றால், நாம் பலகால் கேட்டுப் பழகிய அவ்வரலாற்றில் கவனியாது விட்ட சில இடங்கள் புலப்படும்.

முதலில் சொல்லைப் பார்ப்போம். தென் அரேபியாவின் பழங் கல்வெட்டுகளில் ஹபஷத் என்னும் பெயர் காணப்படுகிறது. கி.பி. 4-ஆம் நூற்றாண்டில் அக்ஸூமை ஆண்ட எஸானா மன்னர், தம் வெற்றிகளைக் கிரேக்கத்திலும் பொறிக்கச் செய்தார். பிற பகுதிகளில் ஹபஷத் என்று வருமிடத்தில் கிரேக்கப் பகுதியில் எதியோப்பியர் என்று இருக்கிறது. வெயிலால் கருகிய முகத்தினர் என்பது அந்தக் கிரேக்கச் சொல்லின் பொருள். ஆக, ஒரு மக்கள் தமக்கு இருந்த பெயரோடு, பிறர் தம் நிறத்தைக் கண்டு இட்ட பெயரையும் சுமக்கலாயினர். ஹபஷ் என்பதே பிற்காலத்தில் ஐரோப்பியர் நாவில் அபிசீனியா ஆயிற்று. 1935-ஆம் ஆண்டில் இத்தாலி அந்நாட்டின் மீது படையெடுத்தபோதும் உலகத்தார் அதனை அபிசீனிய யுத்தம் என்றே பேசினர். நம் இந்திய நாட்டில், தக்காணத்துச் சுல்தான்களின் படைகளில் சேர்ந்து உயர்ந்த ஆப்பிரிக்க வீரர்கள் ஹப்ஷிகள் எனப்பட்டனர். 1626-இல் மறைந்த மாலிக் அம்பர் அவர்களுள் தலையாயவர். அடிமையாய் விற்கப்பட்ட அவர் அஹ்மத்நகர் அரசையே தாங்கி நின்றார்.

அரபு மொழியில் இச்சொல்லின் வேருக்குத் திரட்டுதல், ஒன்று சேர்த்தல் என்னும் பொருளும் உண்டு. குறைஷிகளோடு உடன்படிக்கை செய்துகொண்டு அவர்களுக்காகப் போரிட்ட சில அரபுக் குலத்தாருக்கு அஹாபீஷ் என்று பெயர். உஹதுப் போரிலும் அவர்கள் குறைஷிகளின் பக்கம் நின்றனர். பெயரின் ஒலியைக் கண்டு இவர்கள் அபிசீனிய அடிமைப் படையினரே என்று வாதித்த ஐரோப்பிய ஆசிரியரும் உண்டு. ஆனால் இவர்கள் திரண்டு சேர்ந்ததால் அப்பெயர் பெற்றனர் என்றும், மக்காவுக்கு அருகிலுள்ள ஹுப்ஷீ என்னும் மலையடிவாரத்தில் உறுதிமொழி செய்ததால் பெற்றனர் என்றும் அரபு ஆசிரியர்கள் கூறுவதே பொருத்தமாகத் தோன்றுகிறது.

இனி, பிலால் (ரலி) அவர்கள் வளர்ந்த மக்காவில் அச்சொல் எவ்வாறு ஒலித்தது என்று பாருங்கள். கி.பி. 525-ஆம் ஆண்டளவில் அபிசீனியப் படை யமனைக் கைப்பற்றியது. பின்னர் அங்கே ஆட்சி செலுத்திய அப்ரஹா, யானைப் படையோடு கஃபாவை இடிக்க வந்த செய்தியை நாம் அனைவரும் அறிவோம். ஆகவே குறைஷிகளுக்கு ஹபஷ் என்பது பகைவரின் பெயர். அவர்களே அந்நாட்டோடு வணிகமும் செய்தனர். ஆகவே அது லாபம் தரும் சந்தையின் பெயர். அவர்கள் வீடுகளில் ஏவல் செய்த ஆண்களும் பெண்களும் பலர் அவ்வினத்தார். ஆகவே அது அடிமையின் பெயர். பின்னர் நஜ்ஜாஷி மன்னர் முஸ்லிம்களுக்கு அடைக்கலம் தந்து, அவர்களைத் திருப்பிக் கேட்டு வந்த குறைஷித் தூதரை வெறுங்கையோடு அனுப்பிய நாள் முதல், ஒடுக்கப்பட்ட சிறு கூட்டத்தாருக்கு அது நீதியின் பெயராயிற்று. ஒரே ஊரில் ஒரே சொல், கேட்பவரின் நெஞ்சுக்கேற்ப வேறு வேறாக ஒலித்தது.

பிலாலின் தந்தையார் ரபாஹ், தாயார் ஹமாமா. இருவரும் அடிமைகள். அன்னையார் பெயரையும் இணைத்து இப்னு ஹமாமா என்று அவர்களை அழைப்பதும் உண்டு. பிலால் மக்காவில் பிறந்தவர் என்று ஒரு சாராரும், ஸராத் மலைப்பகுதியில் பிறந்தவர் என்று மற்றொரு சாராரும் எழுதுவர். எவ்வாறாயினும் அவர்கள் முவல்லத், அதாவது அரபு மண்ணிலேயே பிறந்து அரபு மொழியிலேயே வளர்ந்த அயலினத்தவர் என்பதில் கருத்து வேறுபாடு இல்லை. தந்தைவழிக் குலப் பெருமையே மனிதனின் மதிப்பாக இருந்த சமுதாயம் அது. பெருவீரரும் பெருங்கவிஞருமான அந்தராவே அபிசீனியத் தாயின் வயிற்றில் பிறந்த காரணத்தால், தம் தந்தையார் மகனென ஏற்கும் வரை அடிமையாகவே நடத்தப்பட்டார். அவ்வாறிருக்க, பெற்றோர் இருவருமே அடிமைகளாயிருந்த பிலாலுக்கு அவ்வூரில் என்ன இடம் இருந்திருக்கும் என்பதை நான் விரித்துச் சொல்ல வேண்டுவதில்லை.

அவர்கள் ஜுமஹ் குலத்து உமய்யா இப்னு கலஃபின் பிடியில் இருந்ததும், இஸ்லாத்தைத் தழுவிய குற்றத்திற்காக நண்பகல் வெயிலில் மக்காவின் வெளியில் மல்லாக்கக் கிடத்தப்பட்டதும், மார்பின் மீது பெரும் பாறை ஏற்றப்பட்டதும், கழுத்தில் கயிறு பூட்டிச் சிறுவர்களால் மலைப்பாதைகளில் இழுத்துச் செல்லப்பட்டதும், அந்நிலையிலும் இறைவன் ஒருவனே என்னும் பொருள் தரும் ஒற்றைச் சொல்லைத் தவிர வேறொன்றும் அவர்கள் வாயிலிருந்து வராததும் நீங்கள் அறிந்தவையே. அவற்றைச் சுருக்கிச் செல்கிறேன். அபூபக்கர் சித்தீக் (ரலி) அவர்கள் தம்மிடமிருந்த வலிமை மிக்க ஓர் அடிமையை ஈடாகக் கொடுத்துப் பிலாலை மீட்டதாக இப்னு இஸ்ஹாக் எழுதுகிறார். ஊக்கிய்யாக் கணக்கில் விலை கொடுத்து வாங்கியதாகக் கூறும் அறிவிப்புகளும் உள்ளன. எதுவாயினும், மீட்ட உடனே விடுதலை செய்தார்கள். ஹிஜ்ரத்துக்கு முன் சித்தீக் (ரலி) அவர்கள் இவ்வாறு விடுவித்த ஏழு பேரில் பிலாலும் ஒருவர்.

மதீனா சென்ற பின் நிகழ்ந்த ஒரு சிறு செய்தியை நம் சொற்பொழிவாளர்கள் அதிகம் எடுத்துச் சொல்வதில்லை. என் மனத்தைத் தொட்ட செய்தி அது. அக்காலத்து மதீனா காய்ச்சல் மிகுந்த ஊர். வந்து சேர்ந்த முஹாஜிர்கள் பலர் படுத்துவிட்டனர். அபூபக்கரும் பிலாலும் ஒரே வீட்டில் காய்ச்சலோடு கிடந்தனர். ஆயிஷா (ரலி) அவர்கள் சென்று நலம் விசாரித்ததை ஸஹீஹுல் புகாரியில் காணலாம். காய்ச்சல் சற்றுத் தணியும்போதெல்லாம் பிலால் குரலை உயர்த்திக் கவிதை பாடுவாராம். அதில் அவர் எதற்கு ஏங்கினார்? மக்காவின் பள்ளத்தாக்கில், அங்கு வளரும் நறுமணப் புற்களிடையே இன்னும் ஓர் இரவேனும் தங்க மாட்டோமா என்று ஏங்கினார். மஜன்னாவின் நீர்த்துறையையும், ஷாமா, தஃபீல் என்னும் மலைகளையும் மீண்டும் காண மாட்டோமா என்று ஏங்கினார். தங்களைத் தம் நாட்டிலிருந்து நோய் மிகுந்த நாட்டுக்குத் துரத்திய குறைஷித் தலைவர்களை இறைவன் தன் அருளிலிருந்து விலக்கட்டும் என்றும் வேண்டினார்.

நேயர்களே, கவனியுங்கள். எந்த வெளியில் அவர்கள் மார்பின் மீது பாறை ஏற்றப்பட்டதோ, அந்த ஊரையே அவர்கள் தம் நாடு என்று சொல்கிறார்கள். ஊரார் அவர்களை ஹபஷி என்றனர். அவர்களோ காய்ச்சலின் வேகத்திலும் மக்காவாசியாகவே இருந்தார்கள்.

மதீனாவில் தொழுகைக்கு மக்களை அழைக்கும் முறை ஏற்பட்டபோது, அப்துல்லாஹ் இப்னு ஸைத் (ரலி) தாம் கனவில் கேட்ட பாங்கின் வாசகங்களை நபிகள் நாயகம் (ஸல்) அவர்களிடம் கூறினார். பிலாலின் குரல் தொலைவு எட்டும் இனிய குரல் என்பதால் அவருக்குக் கற்றுக் கொடுக்குமாறு நாயகம் (ஸல்) பணித்தார்கள். பள்ளியின் அருகே நஜ்ஜார் குலத்துப் பெண்மணி ஒருவரின் வீடு இருந்தது. சுற்றுப்புறத்தில் அதுவே உயரமானது. விடியலுக்கு வெகு முன்னரே பிலால் அதன் கூரை மீது ஏறி அமர்ந்து கிழக்கு வெளுப்பதை நோக்கியிருப்பார். வெளுத்ததும் உடலை நிமிர்த்தி எழுந்து, இறைவனைப் புகழ்ந்து, குறைஷிகள் அவனுடைய மார்க்கத்தை நிலைநாட்டுவோர் ஆவதற்கு அவனிடம் உதவி வேண்டுவார். பிறகே பாங்கு சொல்வார். ஓர் இரவேனும் அந்தத் துஆவை அவர் விட்டதாகத் தமக்கு நினைவில்லை என்று அப்பெண்மணி பின்னாளில் கூறினார்.

இங்கே ஒன்று சொல்லியாக வேண்டும். பிலாலுக்கு அரபு எழுத்தாகிய ஷீன் நாவில் வராது, அதனை ஸீன் என்றே உச்சரிப்பார், இறைவனிடத்தில் அதுவே ஷீனாக ஏற்கப்பட்டது என்று ஒரு கதை நம் ஊர்களில் உருக்கமாகச் சொல்லப்படுகிறது. ஹதீஸ் கலை அறிஞர்கள் பலர் இதற்கு ஆதாரமே இல்லை என்று தள்ளிவிட்டனர். மக்காவின் தெருக்களில் வளர்ந்து, அரபுக் கவிதையைக் காய்ச்சலிலும் பாடியவருக்கு, மதீனா முழுவதையும் எழுப்பக் குரல் தேர்ந்தெடுக்கப்பட்டவருக்கு, அம்மொழியின் எழுத்து எப்படி வராது போகும்? ஹபஷி என்ற பெயரைக் கேட்டவுடன், இவர் அயல்நாட்டார், நம் மொழி இவர் நாவுக்குப் பிடிபடாது என்று யாரோ முடிவு செய்துகொண்டதன் விளைவே இக்கதை என எண்ணுகிறேன். புகழ்வதற்காகச் சொல்லப்படும் கதைதான். எனினும் அதனுள் ஓர் இழிவு ஒளிந்திருக்கிறது.

கி.பி. 624-இல் பத்ருக் களத்தில், சிறைப்பட்டு நின்ற உமய்யாவைப் பிலால் கண்டு குரல் எழுப்பியதும், அன்ஸாரிகள் சூழ்ந்துகொள்ள அவன் கொல்லப்பட்டதும் பலரும் அறிந்தவை. அதைவிட, அபூதாவூதில் பிலால் (ரலி) அவர்களே பிற்காலத்தில் சொன்னதாகப் பதிவாகியுள்ள ஒரு நிகழ்ச்சி நம் பொருளுக்கு மிகவும் உரியது.

நாயகம் (ஸல்) அவர்களின் செலவுகளைப் பிலாலே கவனித்து வந்தார். ஆடையின்றி எவரேனும் வந்தால் கடன் வாங்கியாவது உடையும் உணவும் அளிப்பது அவர் பொறுப்பு. இணைவைப்போரில் வசதி படைத்த ஒருவன், இனி என்னிடமே கடன் வாங்கும் என்று சொல்ல, அவரும் அவ்வாறே வாங்கி வந்தார். ஒரு நாள் உளூச் செய்துகொண்டு பாங்கு சொல்ல எழுந்து நிற்கிறார். அவன் வணிகர் சிலரோடு எதிரே வந்து நின்று, பெயரைச் சொல்லாமல், ஹபஷி என்று கூவி அழைத்தான். பிலால் பணிவோடு மறுமொழி தந்தார். அவனோ முகத்தைச் சுளித்துக் கடுஞ்சொல் பேசி, மாதம் முடிய இன்னும் நான்கே நாட்கள் உள்ளன, கடன் தீராவிட்டால் உன்னையே எடுத்துக்கொண்டு முன்போல் ஆடு மேய்க்க விட்டுவிடுவேன் என்றான். அவன் அந்தப் பெயரைத் தேர்ந்து அழைத்ததன் பொருள் இப்பொழுது விளங்குகிறதல்லவா? விடுதலை பெற்று ஆண்டுகள் பல ஆனபின்னும், ஊரை எழுப்பும் குரலாய் உயர்ந்த பின்னும், ஒரு கடன்காரனின் கண்ணுக்கு அவர் மீண்டும் விற்கத்தக்க பொருள்!

பிலாலின் மனம் என்ன பாடுபட்டிருக்கும்! இஷாத் தொழுகைக்குப் பின் நாயகம் (ஸல்) அவர்களிடம் சென்று நடந்ததைக் கூறினார். கடனைத் தீர்க்கத் தங்களிடமும் ஒன்றுமில்லை, என்னிடமும் ஒன்றுமில்லை. இறைவன் வழிவிடும் வரை இஸ்லாத்தைத் தழுவிய ஏதேனுமொரு குலத்தாரிடம் சென்று ஒதுங்கியிருக்க அனுமதி வேண்டும் என்று கேட்டார். வீடு திரும்பி, வாளையும் பையையும் காலணியையும் கேடயத்தையும் தலைமாட்டில் வைத்துக்கொண்டு விடியலை எதிர்பார்த்திருந்தார். புறப்படப் போகும் நேரத்தில் ஒருவர் ஓடிவந்து, நாயகம் (ஸல்) அழைக்கிறார்கள் என்றார். சென்று பார்த்தால், பாரம் ஏற்றிய நான்கு ஒட்டகங்கள் மண்டியிட்டுப் படுத்திருக்கின்றன. ஃபதக் தலைவர் அனுப்பிய அன்பளிப்பு. துணிகளும் உணவுப் பொருள்களும். அவற்றைக் கொண்டு கடனைத் தீர்க்குமாறு கட்டளை பிறந்தது. கடன் முழுவதும் தீர்ந்தது. அப்பால் நடந்ததையும் கேளுங்கள். மீதம் ஏதேனும் உண்டா என்று நாயகம் (ஸல்) வினவினார்கள். உண்டு என்றார் பிலால். அதுவும் ஏழைகளுக்குப் போய்ச் சேரும்வரை தாம் மனைவியர் இல்லம் செல்வதில்லை என்று பள்ளியிலேயே தங்கினார்கள். மறுநாள் எல்லாம் கொடுத்து முடிந்தது என்று பிலால் வந்து சொன்ன பின்னரே வீடு சென்றார்கள்.

பகைவன் சொன்னதை விட, தோழர் சொன்னது அதிகம் வலிக்கும். அபூதர் (ரலி) அவர்கள் சினத்தில் ஒருவரை அவருடைய தாயாரைச் சுட்டி இழித்துரைத்ததையும், இன்னும் அறியாமைக் காலத்தின் குணம் உம்மிடம் இருக்கிறது என்று நாயகம் (ஸல்) அவரைக் கண்டித்ததையும் புகாரி பதிவு செய்திருக்கிறார்கள். இழிவுக்கு ஆளானவர் பெயர் அங்கே இல்லை. விரிவுரையாளர்கள் பிலால் என்பர். அதே நாயகம் (ஸல்) அவர்கள், பெருநாளன்று பள்ளியில் ஈட்டி விளையாடிய ஹபஷிகளை, அர்ஃபிதாவின் மக்களே என்று அவர்களுக்குரிய குலப்பெயர் சொல்லி உற்சாகப்படுத்தினார்கள். அவர்களை வளர்த்த உம்மு அய்மன் (ரலி) அவர்களும் ஹபஷாவைச் சேர்ந்த பெண்மணியே.

கி.பி. 630-இல் மக்கா வெற்றி. நாயகம் (ஸல்) அவர்கள் கஃபாவினுள் நுழைந்தபோது உடன் சென்றவர்கள் மூவர்: சாவிக்குரிய உஸ்மான் இப்னு தல்ஹா, உம்மு அய்மனின் மகன் உஸாமா, பிலால். பின்னர் பிலால் கஃபாவின் மீது ஏறிப் பாங்கு சொன்னார். முற்றத்தில் அமர்ந்திருந்த தலைவர்களால் அதனைப் பொறுக்க இயலவில்லை. இக்காட்சியைக் காணாமல் தம் தந்தை முன்பே இறந்தது நல்லதாயிற்று என்றார் ஒருவர். நிறத்தைச் சுட்டிக் காக்கையோடு ஒப்பிட்டார் மற்றொருவர். இறைவனிடத்தில் கண்ணியம் மிக்கவர் இறையச்சம் மிக்கவரே என்னும் திருவசனம் இதையொட்டி அருளப்பெற்றது என்று விரிவுரையாளர் சிலர் எழுதுவர். கூரையில் அமர்ந்து எந்தக் குறைஷிகளுக்காக விடியல்தோறும் துஆச் செய்தாரோ, அவர்களே கீழே அமர்ந்து இவ்வாறு பேசிக்கொண்டிருந்தனர்.

அச்சொல்லைப் பிலால் (ரலி) மறைக்கவுமில்லை, மறுக்கவுமில்லை. தமக்கும் தம் சகோதரருக்கும் யமன் நாட்டுக் குடும்பம் ஒன்றில் பெண் கேட்கச் சென்றபோது, தாங்கள் ஹபஷாவைச் சேர்ந்த அடிமைகளாயிருந்தவர்கள், வழி தவறியிருந்தோம் இறைவன் நேர்வழி காட்டினான், அடிமைப்பட்டிருந்தோம் அவன் விடுதலை அளித்தான் என்று முதலிலேயே சொல்லிவிட்டார். பெண் தந்தால் இறைவனுக்கே புகழ், மறுத்தால் இறைவனே பெரியவன் என்றார். மக்கள் வந்து தம் சிறப்பைப் புகழும்போது, நேற்றுவரை அடிமையாயிருந்த ஒரு ஹபஷியே நான் என்று தலை தாழ்த்திச் சொல்வாராம். இப்னு ஸஅத் இவற்றை எழுதியிருக்கிறார். கடன்காரன் வாயில் விலங்காக வந்த அதே சொல், இங்கே அவருடைய சொந்தச் சொல்லாகி விட்டது. உமர் (ரலி) அவர்களோ, நம் தலைவர் அபூபக்கர் நம் தலைவரை விடுதலை செய்தார் என்று இருவரையும் ஒரே சொல்லால் குறிப்பிட்டு வந்தார்கள்.

கி.பி. 632-இல் நாயகம் (ஸல்) அவர்கள் மறைந்தபின் மதீனாவில் பாங்கு சொல்ல அவருக்கு மனம் வரவில்லை. தம்மை இறைவனுக்காக விடுவித்திருந்தால் தம் விருப்பப்படி செல்ல விடுமாறு அபூபக்கர் (ரலி) அவர்களிடம் கேட்டார். உடனே புறப்பட்டார் என்றும், கலீஃபா வேண்டிக்கொண்டதால் அவர்கள் மறையும் வரை தங்கினார் என்றும் இருவகையாகச் சொல்வர். முடிவில் சிரியா எல்லைக்குச் சென்று படையினரோடு தங்கினார். உமர் (ரலி) அவர்கள் ஜாபியா வந்திருந்தபோது மக்கள் வேண்ட, ஒருமுறை பாங்கு சொன்னார். கேட்டவர்கள் அழுதார்கள்; எல்லோரிலும் அதிகம் அழுதவர் உமர் (ரலி) என்பர்.

ஹிஜ்ரி 20-ஆம் ஆண்டளவில், அறுபது வயதைக் கடந்த நிலையில் பிலால் (ரலி) டமாஸ்கஸில் காலமானார்கள். மனைவியார் துயரால் புலம்ப, நாளை நாயகத்தையும் அவர்தம் தோழரையும் சந்திக்கப் போகும் மகிழ்ச்சியை அவர்கள் சொன்னதாகக் கூறப்படுகிறது. பாபுஸ் ஸகீர் அடக்கத்தலத்தில் நல்லடக்கம் செய்யப்பட்டார்கள் என்பதே பெரும்பாலோர் கூற்று. ஹலபில் என்றும் தாரய்யாவில் என்றும் கூறுவோரும் உளர். மலேசியாவில் பாங்கு சொல்லும் பணியாளரையே இன்றும் பிலால் என்று அழைக்கின்றனர். நாம் மோதினார் என்கிறோம்.

அவர்கள் சிரியாவில் வாழ்ந்த காலத்துச் செய்தி ஒன்று எஞ்சியிருக்கிறது. உமர் (ரலி) அவர்கள் வீரர்களுக்கு உதவித்தொகை வழங்குவதற்காகத் திவான் என்னும் பதிவேடுகளை ஏற்படுத்தினார்கள். அவை குலவாரியாக எழுதப்பட்டன. குலமற்ற பிலாலை எந்தக் குலத்தோடு எழுதுவது? உமர் (ரலி) அவரையே கேட்டார்கள். மதீனாவில் நாயகம் (ஸல்) தமக்குச் சகோதரராக்கித் தந்த அபூ ருவைஹாவோடு எழுதுங்கள், அவரை விட்டு ஒருபோதும் பிரியேன் என்றார் பிலால். அபூ ருவைஹா கஸ்அம் என்னும் அரபுக் குலத்தவர். பிலாலின் பெயர் கஸ்அம் ஏட்டில் ஏறியது. அவர் பொருட்டு, சிரியாவிலிருந்த ஹபஷிகள் அனைவரின் பதிவேடும் அக்குலத்தாரோடு சேர்க்கப்பட்டது. ஹிஜ்ரி 2-ஆம் நூற்றாண்டில் எழுதிய இப்னு இஸ்ஹாக், தம் காலத்திலும் சிரியாவில் அது அவ்வாறே இருந்து வருவதாகக் குறித்திருக்கிறார்.